கேமரா சென்சார்ல கோளாறா? கண்டுபுடிக்கிறதுல இருந்து கம்பெனியில சரி பண்ணி வாங்கற வரைக்கும் முழு வழிகாட்டி

போன வருசம் தை மாசம் காங்கேயம் பக்கத்துல ஒரு கல்யாணங்க. கொங்கு கல்யாணத்துல மாப்பிள்ளைக்கும் அவரு கூடப்பொறந்தவளுக்கும் பண்ற இணைச்சீர் நடந்துட்டு இருக்குது, மாப்பிள்ளையும் அவரு தங்கச்சியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க, சடங்க நடத்தற அருமைக்காரர் அவரு வேலைய நிதானமா பண்ணிட்டு இருக்காரு, நான் ஒரே கேமரா பாடியில வீடியோவும் ஸ்டில்லும் மாத்தி மாத்தி எடுத்துட்டு இருந்தேன். ராத்திரி வீட்டுக்கு வந்து கார்டை கம்ப்யூட்டர்ல போட்டு நூறு சதவீதத்துக்கு பெருசு பண்ணி பாத்தா, அந்த புள்ளையோட பட்டுச்சேலைக்கு குறுக்கால, படத்தோட உச்சியில இருந்து அடி வரைக்கும் தலமுடி மாதிரி ஒரு ரோஸ் கலர் கோடு. அடுத்த போட்டோவுலயும் அதே எடத்துல. அதுக்கடுத்ததுலயும். கை கால் ஓடலீங்க. வாங்கி பதினாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு, வைகாசி வரைக்கும் பதினோரு முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வேற வாங்கியிருந்தேன்.

அந்த பாடி சரியாகி கைக்கு வர மூணு மாசம் ஆச்சு. மொத தடவ சர்வீஸ்ல "கோளாறு எதுவும் இல்ல"ன்னு எழுதி திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவ சென்சாரையே மாத்திக் குடுத்தாங்க, ஒரு ரூபா வாங்கல. ரெண்டு தடவையும் அதே பாடி, அதே கோடு, அதே சர்வீஸ் கவுண்டர்தான், நான் கையில கொண்டுபோனது மட்டும்தான் வேற. மொத தடவ வாயால சொன்னேன், ரெண்டாவது தடவ அவங்களே அவங்க டேபிள்ல அந்த கோட்டை வரவைக்கற மாதிரி எழுதிக் குடுத்தேன். அதத்தான் இங்க ஒண்ணு விடாம எழுதறேன், ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, கரூர்னு நம்ம பக்கம் இதே தொழில்ல இருக்கற பசங்க எத்தனையோ பேரு இதுல ஒரு சீசனையே விட்டுட்டு நின்னத பாத்திருக்கேன்.

கோளாறு சென்சார்லதானான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

கொஞ்சம் அடிப்படைய தெரிஞ்சுக்குங்க, சர்வீஸ்காரங்ககிட்ட பேசறப்ப கைகொடுக்கும். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்த படமா மாத்தற சில்லுதான் சென்சார். ஃபுல் ஃபிரேம் சென்சார்னா 36க்கு 24 மில்லிமீட்டர், ஒரு தீப்பெட்டி மேல்பக்கத்த விட சின்னது. 24 மெகாபிக்சல்னா அதுக்குள்ள 6000 குறுக்க, 4000 நெடுக்க, மொத்தம் 2 கோடியே 40 லட்சம் பிக்சல். ஒவ்வொரு பிக்சல் மேலயும் செகப்பு, பச்சை, நீலம்னு ஏதாவது ஒரு கலர் ஃபில்டர் உக்காந்திருக்கும், நாலு பிக்சலுக்கு ரெண்டு பச்சை, ஒரு செகப்பு, ஒரு நீலம்னு கணக்கு. கோடாக் கம்பெனியில இருந்த பிரைஸ் பேயர்ங்கறவரு கண்டுபுடிச்ச அமைப்பு இது, 1976ல காப்புரிமை கெடைச்சது. அதனாலதான் ஒரு பிக்சல் கெட்டா வெள்ளைப் புள்ளியா வராம பளிச்சுன்னு செகப்பாவோ பச்சையாவோ நீலமாவோ வருது, பக்கத்து பிக்சலோட சேத்து கலரை கணக்கு போடறதுனால ஒரு சின்ன கூட்டல் குறி மாதிரி பரவியும் தெரியும். இப்ப வர்ற சிமாஸ் (CMOS) வகை சென்சார்ல ஒவ்வொரு நெட்டு வரிசைக்கும் தனித்தனியா சிக்னலை படிக்கற சர்க்யூட் இருக்குது, அதுல ஒண்ணு பழுதானா வரிசை முழுசும் கோடா வந்துரும். புள்ளின்னா ஒரு பிக்சல் போச்சு, கோடுன்னா ஒரு சர்க்யூட்டே சரியில்லன்னு பெரும்பாலும் வச்சுக்கலாம். புள்ளிக்கு வைத்தியம் நம்ம கையிலயே இருக்கு, கோட்டுக்கு பெரும்பாலும் கெடையாது.

சென்சார் கெட்டுப்போச்சுன்னு பதறிட்டு போறவங்கள்ல பாதிப்பேருக்கு மேல வேற எதோதான் காரணமா இருக்குதுங்க, நான் பாத்த அளவுல.

மொதல்ல தூசி. நம்ம ஊருக்கு இது பெரிய தலவலி. பாலக்காட்டு கணவாய் வழியா ஆடிக்காத்து அடிக்கறப்ப பல்லடம், தாராபுரம் பக்கம் வெளிய நின்னு லென்ஸ் மாத்தினா மண்ணு உள்ள போயிரும், திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குள்ள போட்டோ எடுக்கற பசங்களுக்கு பஞ்சு நூல் போய் உக்காந்துக்கும், படத்துல புழு மாதிரி நெளிஞ்சு தெரியும். எப்படி பிரிக்கறதுன்னா, லென்ஸோட தொறப்ப, அதான் அப்பச்சர, ரொம்ப சின்னதா எஃப் 22ல வச்சு வெள்ளைச் சொவத்தையோ மேகம் இல்லாத வானத்தையோ ஃபோகஸ் இல்லாம எடுங்க, அதே எடத்த பெருசா தொறந்து எஃப் 2.8ல இன்னொண்ணு எடுங்க. எஃப் 22ல கருப்பா தெளிவா தெரிஞ்சு 2.8ல மங்கிப்போனா அது தூசி. தூசி சென்சார் மேல நேரா உக்காறதில்ல, அதுக்கு மேல இருக்கற கண்ணாடி மேலதான் உக்காறும், அப்பச்சர் சின்னதா இருந்தா அதோட நெழல் கூர்மையா விழும், பெருசா தொறந்தா நெழல் பரவிப்போயிரும். ரெண்டுலயும் ஒரே கூர்மையா இருந்தா அது பிக்சல் கோளாறு. தூசின்னு ஆயிருச்சுன்னா ஊதற ரப்பர் பம்பு போதும், வாயில ஊதாதீங்க, கம்ப்ரஸர் காத்து, டப்பா ஸ்பிரே எதுவும் வேண்டாம். ஒரு விசயம், படத்துல மேல் இடது மூலையில புள்ளி தெரிஞ்சா, லென்ஸை கழட்டிட்டு முன்னாடி இருந்து பாக்கறப்ப அது கீழ் இடது மூலையில இருக்கும், மேல்-கீழ் மட்டும் மாறும், இடது வலது மாறாது. தப்பான எடத்துல ஊதிட்டே இருக்காதீங்க.

அடுத்தது மண்டபத்து எல்இடி லைட். படத்துல பட்டை பட்டையா கருப்பும் வெளுப்பும் குறுக்க ஓடுதுன்னா, அது சென்சார் கோளாறா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவ மினுக்குது, சத்தமில்லாம எடுக்கற சைலன்ட் (எலக்ட்ரானிக்) ஷட்டர்ல அது பட்டையா பதிஞ்சிரும். பட்டை ஒவ்வொரு படத்துலயும் எடம் மாறும், ஷட்டரை செகண்டுல 50ல ஒரு பங்கோ 100ல ஒரு பங்கோ வச்சா அடங்கிரும், வெளிய வெயில்ல எடுத்தா சுத்தமா இருக்காது. சில ஸ்டேஜ் லைட்டுங்க வேற வேகத்துல மினுக்கும், அதனால வெயில் சோதனைதான் கடைசி முடிவு. சென்சார் கோடுன்னா வெயிலு, நெழலு எதுவானாலும் எடம் மாறவே மாறாது.

மூணாவது, கேமரா பின்னாடி இருக்கற டிஸ்பிளே. அதுல மட்டும் கோடு தெரிஞ்சு கம்ப்யூட்டர்ல படம் சுத்தமா இருந்தா அது டிஸ்பிளே பழுது, செலவும் வேற, வழியும் வேற. லென்ஸ், கார்டு, பேட்டரி மூணையும் ஒவ்வொண்ணா மாத்திப் பாத்துருங்க. மாத்தியும் அதே எடத்துல இருந்தா பாடிதான்.

நாலாவது லேசருங்க, இத கொஞ்சம் நிதானமா படிங்க. கோயில் நோம்பி, ரிசப்ஷன், டிஜே, கச்சேரின்னு இப்ப எங்க போனாலும் லேசர் லைட்டு விடறாங்க. அது நேரா லென்ஸுக்குள்ள ஒரு கணம் விழுந்தா போதும், லென்ஸ் அத குவிச்சு சென்சார்ல சூடு வச்சிரும், புள்ளி மட்டுமில்ல, அந்த புள்ளிய ஒட்டி கோடும் விழும். கம்பெனிக்காரங்க இத வாரண்டியில எடுத்துக்க மாட்டாங்க, வெளியில இருந்து வந்த சேதம்னு தள்ளிருவாங்க. கோடு ஆரம்பிக்கற எடத்துல ஒரு கருகின மாதிரி புள்ளியோ புள்ளிக்கூட்டமோ இருந்தா, கோடு மொதமொதல்ல வந்த நிகழ்ச்சி எதுன்னு பழைய படத்தையெல்லாம் தேதி வாரியா பாருங்க, அன்னைக்கு லேசர் இருந்துச்சான்னு வீடியோவுலயே தெரிஞ்சிரும். லேசர் பட்டதுன்னு தெரிஞ்சா அத மறைச்சு வாரண்டியில கேக்காதீங்க, மைக்ராஸ்கோப்ல வச்சா தெரிஞ்சு போகும், அப்பறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க.

புள்ளியா இருந்தா

எல்லா சென்சார்லயும் கெட்ட பிக்சல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், பேக்டரியிலயே அத குறிச்சு வச்சு பக்கத்து பிக்சல வச்சு நெரப்பிருப்பாங்க. போகப்போக புதுசா சிலது சேரும். அதுவும் சூடு ஏற ஏற கூடும், வெளிச்சமே இல்லாம சென்சார்ல ஓடற கரண்ட் ஒவ்வொரு 6ல இருந்து 8 டிகிரிக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுது. சித்திரை வெயில்ல ஈரோட்டுல கார் டேஷ்போர்டுல வச்சிருந்த பாடியில புள்ளி கொட்டுதுன்னா ஆச்சரியமே இல்ல.

சோதனை இப்படி. லென்ஸுக்கு மூடி போடுங்க, வியூஃபைண்டர் இருக்கற டிஎஸ்எல்ஆர்னா அதையும் மூடுங்க, மேனுவல்ல ஐஎஸ்ஓ (வெளிச்சத்த எவ்வளவு தூக்கிக் காட்டணுங்கற அளவு) 100, லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்சன ஆஃப் பண்ணிருங்க, அது ஆன்ல இருந்தா கேமரா தானா இன்னொரு கருப்பு படம் எடுத்து கழிச்சிரும், கோளாறே தெரியாது. 60ல ஒரு பங்கு செகண்ட், 1 செகண்ட், 30 செகண்ட்னு மூணு படம். அப்பறம் ஐஎஸ்ஓ 1600லயும் 3200லயும் அதே மாதிரி. 30 செகண்ட்ல பத்து இருவது புள்ளி வந்தா அது சாதாரணம், வெசனப்படாதீங்க. 60ல ஒரு பங்குல, ஐஎஸ்ஓ 100லயே புள்ளி பளிச்சுன்னு நின்னா அது கவனிக்க வேண்டியது.

ரா (RAW, கேமரா எதுவும் திருத்தாத மூலப் படம்), ஜேபெக் (JPEG) ரெண்டையும் சேத்து எடுங்க. ரா படத்த அடோபி சாஃப்ட்வேர்ல தொறந்தா அதுவே பளிச்சுன்னு நிக்கற ஹாட் பிக்சல்ல நெறையத்த அமுக்கிரும், நீங்க புள்ளி இல்லைன்னு நெனச்சுக்குவீங்க, வீடியோ எடுக்கறப்பதான் மாட்டும்.

இத எல்லாம் எடுத்து பத்திரமா வச்சதுக்கு அப்பறம்தான் பிக்சல் மேப்பிங் (கெட்ட பிக்சல கேமராவே தேடி குறிச்சு வச்சு பக்கத்து பிக்சல வச்சு நெரப்பறது) பண்ணணும், முன்னாடி பண்ணாதீங்க, ஆதாரம் போயிரும். ஒலிம்பஸ், ஃபியூஜி பாடிங்கள்ல மெனுவுலயே பிக்சல் மேப்பிங்னு இருக்குது, பானசோனிக்ல பிக்சல் ரெஃப்ரெஷ்னு இருக்கும், மத்த கம்பெனியோட புது மாடல் சிலதுலயும் வந்திருச்சு. உங்க மாடலோட மேனுவல்ல தேடிப் பாருங்க. மெனுவுல இல்லைன்னா சர்வீஸ்ல பண்ணிக் குடுப்பாங்க. பண்ணி முடிச்சு புள்ளி போயிருச்சுன்னா விட்ருங்க, தொழில பாருங்க. ரெண்டு வாரத்துல திரும்ப கூட்டமா வந்துச்சுன்னா அந்த சென்சார் கெட்டுட்டே போகுதுன்னு அர்த்தம், கோட்டு கேஸ் மாதிரியே அதையும் கொண்டுபோங்க.

ஆதாரம் எடுக்கறது, இதுலதான் முழு சூட்சுமமும்

மொத தடவ நான் கோயமுத்தூர்ல கவுண்டருக்கு போனப்ப நடந்தத சொல்றேன். அங்க இருந்த தம்பி ஏசி ரூம்ல கேமராவ ஆன் பண்ணி டியூப்லைட்ட பாத்து ரெண்டு கிளிக் பண்ணிட்டு "சார், கோடு எதுவும் இல்லீங்களே"ன்னாரு. உண்மைதான், இல்ல. "இல்லீங்க தம்பி, கல்யாணத்துல வந்துச்சுங்க"ன்னு போன்ல இருந்த படத்த காட்டினேன். அவரு "லென்ஸ் பிரச்சனையா இருக்கும் சார், எதுக்கும் அனுப்பி பாக்கறோம்"னு ரிப்பேருக்கு எடுத்துக்கறப்ப எழுதற ஜாப் ஷீட்ல ஒரே ஒரு வரி எழுதினாரு, லைன் இன் இமேஜ்னு. அந்த ஒரு வரிய வச்சுட்டு எங்கயோ இருக்கற இன்ஜினியர் ரெண்டு படம் எடுத்து பாத்திருப்பாரு, கோடு இல்ல, திருப்பி அனுப்பிட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அவரு பாத்தப்ப அது இல்லவே இல்ல.

வீட்டுக்கு வந்து ஒரு ஞாயித்துக்கெழமை முழுசா உக்காந்தேன். ஆன் பண்ணின ஒடனே கோடு இல்ல. 4கே வீடியோ பதினஞ்சு நிமிசம் ஓட விட்டேன், பாடி அடிப்பக்கம் தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு, ஒடனே மூடி போட்டு ஐஎஸ்ஓ 3200ல ஒரு கருப்பு படம் எடுத்தேன், கோடு வந்திருச்சு. அணைச்சு அரை மணி நேரம் ஃபேன் காத்துல வச்சேன், போயிருச்சு. திரும்ப சூடு பண்ணினேன், வந்துச்சு. நாலு தடவ பண்ணினேன், நாலு தடவையும் அப்படியேதான். அப்பதான் புரிஞ்சுது, இணைச்சீர் அப்ப வீடியோ ஓடி ஓடி பாடி சூடாகித்தான் வந்திருக்குது, ஏசி ரூம்ல குளுந்து கெடந்த பாடியில எப்படி வரும்?

அப்பறம் கோடு சரியா எந்த எடம்னு எண்ணினேன். படத்த தொறந்து நல்லா பெருசு பண்ணி கோட்டு மேல கர்சர வச்சா இடது ஓரத்துல இருந்து எத்தனையாவது பிக்சல்னு சாஃப்ட்வேர் காட்டும், எனக்கு 4118. கல்யாணப் படத்துல பாத்தா அதுவும் 4118. ஒரு மாசத்துக்கு முந்தி கோபிசெட்டிபாளையத்துல எடுத்த வளைகாப்புல, மங்கலா, அதுவும் 4118. வேற வேற லென்ஸ், வேற வேற நாளு, ஒரே எண். இத பாத்துட்டு யாருமே லென்ஸ்னு சொல்ல முடியாதுங்க. இத பண்றப்ப சாஃப்ட்வேர்ல லென்ஸ் கரெக்சன ஆஃப் பண்ணிருங்க, அது படத்த லேசா இழுத்து வளைக்கும், எண் மாறிப்போயிரும். க்ராப் பண்ணின படமும் ஆகாது, கேமராவுல இருந்து வந்த ஒரிஜினல்தான் வேணும்.

இத்தனையும் ஒரே பக்கத்துல எழுதினேன். இன்ஜினியர் எந்த ஊருக்காரரா இருந்தாலும் புரியணும்னு சின்னச்சின்ன இங்கிலீஷ் வாக்கியமா எழுதினேன், சாரம் இதுதான்:

"கோளாறு: நெட்டுக்கோடு, ரோஸ் கலர், 4118வது வரிசை, மேல இருந்து கீழ வரைக்கும். எப்ப வரும்: 4கே வீடியோ 15 நிமிசம் ஓடினதுக்கு அப்பறம், ஐஎஸ்ஓ 1600க்கு மேல. குளுந்த பாடியில வராது. வரவைக்கற முறை: ஒண்ணு, பாடியில ஏசி காத்து படாம வச்சு 15 நிமிசம் 4கே ரெக்கார்டு பண்ணவும். ரெண்டு, ஒடனே லென்ஸ் மூடி போட்டு ஐஎஸ்ஓ 3200, 60ல ஒரு பங்கு செகண்ட்ல ஒரு படம் எடுக்கவும். மூணு, 100 சதவீதத்துல 4118வது வரிசைய பாக்கவும். 3 லென்ஸ், 2 கார்டு மாத்தி சோதிச்சாச்சு. பிக்சல் மேப்பிங் பண்ணியும் போகல. முந்தின ஜாப் ஷீட் நகல் இணைச்சிருக்கு."

ஒரு பென் டிரைவ்ல பத்து படம், அதுக்கு மேல வேண்டாம், நூறு குடுத்தா யாரும் பாக்க மாட்டாங்க. மூணு கருப்பு படம், ரெண்டு வெயில்ல எடுத்தது, ரெண்டு கல்யாணத்துது, குளுந்த பாடியில கோடு இல்லாதது ரெண்டு, 20 செகண்ட் வீடியோ ஒண்ணு. கோடு இல்லாத படத்தையும் சேத்து வைக்கறதுதான் முக்கியம், அப்பத்தான் நீங்க நேர்மையா சோதிச்சிருக்கீங்கன்னு அவங்களுக்கு தெரியும்.

கவுண்டருக்கு போறதுக்கு முன்னாடி

ஜிஎஸ்டி பில்லுல பாடியோட சீரியல் நம்பர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா வாங்கின கடையில போயி சீரியல் போட்டு பில்ல வாங்குங்க, கடைக்காரங்க தருவாங்க. பில் இல்லாம வெளிநாட்டுல இருந்து வந்த சரக்குன்னா கேமரா வாரண்டி பெரும்பாலும் நாடு வாரியாத்தான் இருக்கும், இங்க காசு குடுத்துத்தான் பாக்கணும், வாங்கறப்பவே யோசிக்க வேண்டிய விசயம் இது. எக்ஸ்ட்ரா வாரண்டிக்கு கம்பெனி சைட்ல பதிவு பண்ணியிருந்தா அந்த மெயில பிரிண்ட் எடுத்துக்குங்க.

பாடிய ஆறு பக்கமும் போட்டோ எடுங்க, லென்ஸ் மாட்டற வளையம், ஸ்க்ரூ, ஃபிளாஷ் மாட்டற எடம் எல்லாமே தெரியற மாதிரி. "அடிபட்டிருக்கு, தண்ணி பட்டிருக்கு"ன்னு பின்னாடி பேச்சு வந்தா இதுதான் உங்களுக்கு துணை. வெளிக்கடையில ஸ்க்ரூ கழட்டியிருந்தா வாரண்டி போச்சு, அதனால வாரண்டி இருக்கற பாடிய கோயமுத்தூர் காந்திபுரத்துலயோ ஈரோட்டுலயோ எவ்வளவு தெரிஞ்ச மெக்கானிக்கா இருந்தாலும் தொறக்க விடாதீங்க. ஈரக்குச்சி போட்டு சென்சார் தொடைக்கற வேலையும் இப்ப வேண்டாம், ஒரு கீறல் விழுந்தா கதையே மாறிரும்.

உங்க மாடலுக்கு கம்பெனியே அறிவிப்பு விட்டிருக்கான்னு அவங்க சப்போர்ட் பக்கத்துல தேடுங்க. இது சும்மா சொல்றதில்லீங்க. 2005 அக்டோபர்ல சோனி செஞ்ச சிசிடிங்கற பழைய வகை சென்சாருங்க வெக்கையிலயும் ஈரப்பதத்துலயும் கெட்டுப்போகுதுன்னு வெளிய வந்தப்ப, அந்த சென்சார போட்டிருந்த கேனான், நிக்கான், ஃபியூஜி, கோனிகா மினோல்டா எல்லாரும் வாரண்டி முடிஞ்ச கேமராவையும் இலவசமா சரி பண்ணிக் குடுத்தாங்க. நிக்கான் டி600ல சென்சார் மேல பொட்டுப்பொட்டா விழுந்த விவகாரத்துல 2014ல வாரண்டி தாண்டினதையும் இலவசமா பாத்து ஷட்டர மாத்திக் குடுத்தாங்க. லைக்கா எம்9ல சென்சார் மேல இருக்கற கண்ணாடி அரிச்சுப்போனத 2014ல கம்பெனியே ஒத்துக்கிட்டு சென்சார மாத்தினாங்க. அறிவிப்பு இருந்தா அதோட நகல் ஒண்ணு போதும், வாதமே வேண்டியதில்ல.

குடுக்கறப்ப பாடியும் பாடி மூடியும் மட்டும் குடுங்க. லென்ஸ், பேட்டரி, கார்டு, பட்டை எல்லாம் வீட்டுல இருக்கட்டும், பேட்டரி கேட்டா மட்டும் எழுதி வாங்கிட்டு குடுங்க. செட்டிங்க கார்டுல சேவ் பண்ணிக்குங்க, சர்வீஸ் முடிஞ்சு வர்றப்ப எல்லாம் அழிஞ்சுதான் வரும். கொரியர்ல அனுப்பறதா இருந்தா டப்பாக்குள்ள டப்பா, நடுவுல நாலு பக்கமும் ரெண்டு அங்குலம் பஞ்சோ பபுள் கவரோ, பேக் பண்றத வீடியோ எடுத்து, முழு மதிப்புக்கு இன்சூரன்ஸ் போட்டு அனுப்புங்க. ஆனா முடிஞ்சா நேர்ல போங்க. சத்தியமங்கலத்துல இருந்து கோயமுத்தூர் ஒரு நாள் வேலைதான், கையில ஜாப் ஷீட் வாங்கற நிம்மதி கொரியர்ல இல்ல.

கவுண்டர்ல

ரெண்டாவது தடவ அதே தம்பிதான் இருந்தாரு. கோவப்படலீங்க, அந்த ஒரு பக்கத்த குடுத்து "தம்பி, இத அப்படியே ஜாப் ஷீட்ல எழுதுங்க, எடம் பத்தலைன்னா இணைப்பு பாக்கவும்னு போட்டு இந்த தாள பின் பண்ணிருங்க"ன்னேன். படிச்சுப் பாத்துட்டு "நீங்களே 15 நிமிசம் ஓட்டி காட்டறீங்களா சார்"னாரு. அங்கயே ஓட்டினேன், ஏசிக்கு மறைவா ஒரு மூலையில வச்சு. கோடு வந்துச்சு. அவரே அவரு போன்ல அத போட்டோ எடுத்துக்கிட்டாரு, ஜாப் ஷீட்ல "கோளாறு கவுண்டரில் சரிபார்க்கப்பட்டது"ன்னு எழுதினாரு. அந்த ஒரு வரிக்கு அப்பறம் எல்லாமே வேகமா நடந்துச்சு.

ஜாப் ஷீட்ல நீங்க பாக்க வேண்டியது: தேதி, சீரியல் நம்பர், வாரண்டியில இருக்குன்னு குறிச்சிருக்கா, கோளாறு முழுசா இருக்கா, பாடியோட வெளித்தோற்றம் பத்தி என்ன எழுதியிருக்காங்க. "கீறல்கள் உண்டு"ன்னு பொதுவா எழுதினா எந்த எடத்துலன்னு கேட்டு எழுத வைங்க. சென்சார் வேலை பெரும்பாலும் நம்ம ஊர் கவுண்டர்ல நடக்காது, பெரிய சென்டருக்கு போகும், எந்த ஊருக்கு போகுது, எத்தன நாளாகும்னு கேட்டு அதையும் எழுதி வாங்குங்க. தொழில் பண்றவங்களுக்குன்னு பெரிய கம்பெனிங்க தனி சப்போர்ட் திட்டம் வச்சிருக்காங்க, இத்தன பாடி, இத்தன லென்ஸ் இருக்கணும்னு நிபந்தனை இருக்கும், தகுதி இருந்தா சேந்துருங்க, ரிப்பேர் முடியற வரைக்கும் மாத்து (ஸ்டாண்ட்பை) பாடி கேக்க வழி பொறக்கும். எனக்கு அந்த தகுதி இல்ல, வாடகைக்கு பாடி எடுத்துத்தான் பங்குனி முகூர்த்தத்த ஓட்டினேன், அந்த வாடகை பில்லையும் பத்திரமா வச்சேன், ஏன்னு கீழ சொல்றேன்.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே கம்பெனி சப்போர்ட்டுக்கு ஒரு மெயில் போட்டுருங்க, ஜாப் ஷீட் போட்டோவும் அந்த ஒரு பக்கமும் வச்சு. போன்ல பேசறத எல்லாம் பேசுங்க, பேசி முடிச்ச ஒடனே "இன்னைக்கு இத்தன மணிக்கு பேசினப்ப இப்படி சொன்னீங்க"ன்னு அதே மெயில் தொடர்ல ரெண்டு வரி போட்டுருங்க. புதுப்புது மெயிலா போடாதீங்க, ஒரே தொடரா இருந்தாத்தான் கடைசியில யாரு படிச்சாலும் கதை புரியும்.

மறுத்துட்டாங்கன்னா

"கம்பெனி அளவுகோலுக்குள்ளதான் இருக்கு"ன்னு பதில் வந்தா, அந்த அளவுகோல் என்ன, எந்த சூட்டுல, எந்த ஐஎஸ்ஓவுல சோதிச்சீங்க, சோதனைப் படத்த அனுப்புங்கன்னு கேளுங்க. மரியாதையா கேளுங்க, ஆனா விடாதீங்க. அடுத்த மட்டத்துக்கு அனுப்பச் சொல்லி கேளுங்க.

அதுக்கும் அசையலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்புட்டோ ஆப்லயோ புகார் பதியலாம், அவங்க கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்குவாங்க, இது கோர்ட்டு இல்ல, ஆனா நெறைய விசயம் இதுலயே முடிஞ்சிரும். அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2020 ஜூலைல அமலுக்கு வந்ததுல இருந்து நமக்கு ரெண்டு பெரிய வசதி. ஒண்ணு, கம்பெனி எங்க இருந்தாலும் நீங்க குடியிருக்கற இல்ல தொழில் பண்ற மாவட்டத்துலயே புகார் குடுக்கலாம், டெல்லிக்கும் பெங்களூருக்கும் அலைய வேண்டியதில்ல. ரெண்டு, நீங்க குடுத்த வெல 5 லட்சத்துக்குள்ள இருந்தா புகார் கட்டணம் கெடையாது. வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம், ஆன்லைன்ல இ-ஜாக்ரிதி தளத்துல தாக்கல் பண்ணலாம். புகாருக்கான காரணம் எழுந்த நாள்ல இருந்து ரெண்டு வருசத்துக்குள்ள குடுக்கணும், சமாதானம் பேசிட்டே நாள கடத்திராதீங்க.

நம்ம தொழில்காரங்களுக்கு ஒரு முக்கியமான விசயம். "நீங்க வியாபாரத்துக்கு வாங்கினீங்க, நீங்க நுகர்வோரே இல்ல"ன்னு எதிர்த்தரப்பு சொல்லுவாங்க. சட்டத்துலயே அதுக்கு பதில் இருக்கு, பிரிவு 2, உட்பிரிவு 7ல. சுயதொழில் செஞ்சு பொழப்ப ஓட்டறதுக்காக மட்டும் வாங்கி தானே பயன்படுத்தற பொருள் வியாபார நோக்கத்துல சேராது. தனியா கேமரா தூக்கிட்டு கல்யாணத்துக்கு போறவங்க அதுக்குள்ள வருவாங்க, பெரிய ஸ்டூடியோ வச்சு ஆள் போட்டு நடத்தறவங்களுக்கு இது சிக்கலாகலாம். புகார்ல மொத பத்தியிலயே இத தெளிவா எழுதிருங்க. வாடகை பாடிக்கு குடுத்த பில்லு, கேன்சல் ஆன ஆர்டரோட அட்வான்ஸ் ரசீது எல்லாம் இங்கதான் உதவும், வாயால சொல்ற நஷ்டத்துக்கு எடை இல்லீங்க. எனக்கு அந்த அளவுக்கு போக வேண்டி வரல, ஆனா ஃபைல் தயாரா இருந்துச்சு, தயாரா இருக்குன்னு மெயில்லயும் ஒரு வரி சொல்லியிருந்தேன்.

வாரண்டி முடிஞ்சிருந்தா மொதல்ல எஸ்டிமேட் மட்டும் கேளுங்க. சென்சார் மாத்தற செலவு பல நேரம் பாடி வெலையில பாதிக்கு பக்கமா வந்து நிக்கும். ஒரே ஒரு கோடுன்னா ஸ்டில்லுக்கு எடிட்டிங்ல நெரப்பிக்கலாம், வீடியோவுக்கு அந்த பாடிய நிறுத்திருங்க. வாரண்டி முடிஞ்சு பத்து நாள், ஒரு மாசம்தான் ஆச்சு, அதுக்கு முன்னாடியே கோடு வந்ததுக்கு பழைய படம் ஆதாரமா இருக்குதுன்னா, அத காட்டி சலுகை கேளுங்க. கேட்டு கெடைச்சவங்க எனக்கு தெரிஞ்சே இருக்காங்க.

திரும்ப வந்ததும்

வாங்கின ஒடனே பையில போட்டு கெளம்பாதீங்க, அங்கயே அரை மணி நேரம் சோதிங்க. சென்சார் மாத்தினா அத சரியான மட்டத்துல உக்கார வைக்கணும், மயிரிழை சாஞ்சாலும் படத்தோட ஒரு பக்கம் மட்டும் மங்கும். செங்கல் சொவரு எதாவது கெடைச்சா நேரா நின்னு அப்பச்சர முழுசா தொறந்து எடுத்து நாலு மூலையும் ஒரே கூர்மையா இருக்கான்னு பாருங்க, கேமராவ தலகீழா புடிச்சும் ஒண்ணு எடுங்க, மங்கல் சொவத்தோட அதே பக்கத்துலயே நின்னா நீங்க கோணலா நின்னிருக்கீங்க, படத்தோட அதே பக்கத்துல நின்னா கேமராவுலயோ லென்ஸ்லயோ இருக்கு, இன்னொரு லென்ஸ் மாட்டினா எதுன்னு தெரிஞ்சிரும். எஃப் 22ல தூசி சோதனை, மூடி போட்டு கருப்பு படம், ஆட்டோ ஃபோகஸ், சென்சார் ஸ்டெபிலைசர் எல்லாம் பாருங்க. எனக்கு வந்தப்ப தூசி ரெண்டு இருந்துச்சு, அங்கயே தொடச்சுக் குடுத்தாங்க.

சர்வீஸ் ரிப்போர்ட்ல எந்த பார்ட் மாத்தினாங்கன்னு பேரோட இருக்கணும், "சரி செய்யப்பட்டது"ன்னு மட்டும் இருந்தா ஏத்துக்காதீங்க. மாத்தின பார்ட்டுக்கு தனி வாரண்டி எத்தன நாளுன்னு எழுதி வாங்குங்க. அந்த நாள் முடியறதுக்கு ஒரு வாரம் முன்னாடி போன்ல அலாரம் வச்சு, முழு சோதனையையும் ஒரு தடவ பண்ணிருங்க, வீடியோ ஓட்டி சூடு பண்ணி.

நான் வீட்டுக்கு வந்த அன்னைக்கே அந்த 15 நிமிச சோதனைய பண்ணினேன், 4118ல எதுவும் இல்ல. அந்த வைகாசியில அவிநாசி பக்கம் ஒரு இணைச்சீர், ஒரு மணி நேரம் ஓடின வீடியோவ அன்னைக்கு ராத்திரியே பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. ஜாப் ஷீட் ரெண்டும், சர்வீஸ் ரிப்போர்ட்டும், அந்த ஒரு பக்கமும் இப்பவும் கேமரா டப்பாக்குள்ளயே இருக்கு, என்னைக்காவது பாடிய விக்கறப்ப வாங்கறவங்க கையில அதையும் சேத்துக் குடுத்துருவேன்.